நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

காலை ஒன்பது மணிக்கு லோகப்பிரியா ஒரு தகரப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமலே பேச ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு மூணு மணியோட கெடு முடியுதுங்க. அதுக்குள்ள நான் வேட்புமனுவை வாபஸ் வாங்கோணுங்க. இல்லைன்னா, இந்தப் பெட்டியில திருட்டு நடக்கலைன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லோணுங்க."

கோவை டவுன்ஹால் பக்கம் துப்பறியும் நிலையம் வைத்திருக்கும் ஜெபமணி, கல்யாண வரன்களை விசாரித்தே தலை நரைத்தவர். அவருக்கே இது புதுசு. உதவியாளர் டீனா நோட்டுடன் பாய்ந்து வந்தாள். எந்த வழக்கானாலும் டீனா பத்தே நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவாள். என்ன, அது பெரும்பாலும் வேறு ஆளாக இருக்கும்.

லோகப்பிரியா சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கிராமத்துக்காரி. பம்ப்செட் கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நிற்கிறாள். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போடாமல், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை எழுதும்படி தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்பது அவளுடைய ஒரே கோரிக்கை. அவள் ஜெயிப்பாள் என்று அவளுடைய அம்மாவே நம்பவில்லை.

அந்த முறையைக் காட்டுவதற்காக நேற்று ஊர் மண்டபத்தில் மாதிரி வாக்கெடுப்பு நடத்தினாள். ஊருக்கு முதலில் எது வேண்டும்: பஸ்ஸா, சாக்கடையா, தெருவிளக்கா? "ஒரு கள்ள ஓட்டு இருந்தாலும் போட்டியிலிருந்து விலகுறேன்" என்று மைக்கில் சொல்லியும் தொலைத்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் நூறு பேர். பெட்டியில் இருந்த சீட்டுகளோ நூற்றுப் பன்னிரண்டு.

"தறி ஓனர் ஸ்ரீனிவாஸ் எல்லார் முன்னாலயும் எண்ணிக் காட்டிச் சிரிச்சாருங்க. நான் தோத்தாப் பரவால்லீங்க. கள்ள ஓட்டுப் போட்டவள்னு பேரெடுத்துப்போட்டு எப்படீங்க ஊட்டுக்குப் போறது?"

"சீட்டுக் குடுத்தது யாருங்க?" என்று கேட்டார் ஜெபமணி.

"ராசாத்தாள் அக்காங்க. ஊர்ல மெஸ் வெச்சிருக்காங்க. ஒருத்தரும் ரெண்டு ஓட்டுப் போடலைன்னு சத்தியம் பண்றாங்க."

ஜெபமணி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாமே முத்திரை குத்திய அசல் சீட்டுகள்தான். ஆனால் பன்னிரண்டில் மட்டும் மடிப்புக்குள் நீலப் பஞ்சு ஒட்டியிருந்தது. அவற்றில் பலவற்றில் மஞ்சள் கறையும் இருந்தது. ஒன்றை முகர்ந்து பார்த்துப் புன்னகைத்தார்.

"கிளம்பலாம் டீனா. லோகப்பிரியா, எல்லாரையும் உங்க ஊர் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்க."

ஒரு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஸ்ரீனிவாஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டைத் தோளில் நீலப் பஞ்சு.

"பிடிச்சாச்சு சார்!" என்று டீனா துள்ளினாள். "இந்த வாரம் ஊர்லயே இவர் ஷெட்ல மட்டும்தான் நீல நூல் ஓடுதாம். பன்னிரண்டையும் போட்டது இவர்தான்!"

"ஏனுங்க அம்மணி, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!" என்று ஸ்ரீனிவாஸ் எழுந்துவிட்டார்.

"உட்காருங்க. நீங்க போடலை" என்றார் ஜெபமணி. "கள்ள ஓட்டுப் போடறவனுக்கு ஏதாவது ஒண்ணு ஜெயிக்கோணும். இந்தப் பன்னிரண்டுல அஞ்சு பஸ்ஸுக்கு, நாலு சாக்கடைக்கு, மூணு விளக்குக்கு முதலிடம். சீட்டுல எழுதின கையெழுத்தும் பன்னிரண்டு விதம். இதனால யாருக்கு லாபம்? ஒருத்தருக்கும் இல்லை. அப்போ இது திருட்டே இல்லை. பன்னிரண்டு பேர் மனசார எழுதின ஓட்டு. அவங்க உங்க ஷெட்டுல இருந்தாங்க. பஞ்சு அதைச் சொல்லுது. சீட்டு எப்படிப் போய் வந்ததுன்னு சாம்பார்க் கறை சொல்லுது."

அவர் ராசாத்தாள் பக்கம் திரும்பினார். "அம்மா, ரெண்டு ஓட்டு யாரும் போடலை. நான் ஒத்துக்கறேன். வர முடியாதவங்களுக்கு என்ன பண்ணுனீங்க?"

ராசாத்தாளுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "குடுத்து உட்டனுங்க! விசேஷத்துக்கு வர முடியாதவங்களுக்குச் சோறு கட்டிக் குடுக்கறதில்லீங்களா? ஷெட்டுல பன்னெண்டு பேருக்கு லீவு இல்லைன்னுட்டாங்க. பாவமா இருந்துச்சு. மத்தியானச் சாப்பாட்டுக் கேரியர்ல ஆளுக்கொரு சீட்டு வெச்சேன். எழுதித் திருப்பி அனுப்பிச்சாங்க. பிரிச்சுக்கூடப் பாக்காமப் பெட்டியில போட்டுப்போட்டேன். வராத ஆளு நோட்டுல எப்படீங்க கையெழுத்துப் போடுவாங்க?"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. ஓட்டைப் பார்சல் கட்டிய ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். லோகப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

ஆனாலும் அவள் மைக்கைப் பிடித்தாள். "கள்ள ஓட்டு இல்லீங்க. ஆனா முறையான ஓட்டும் இல்லை. தப்பு என் பேர்லதான். மறுபடி நடத்தறேன், இப்பவே. பதிவேட்டுக்கும் பெட்டிக்கும் ஒண்ணு வித்தியாசம் வந்தாலும் நேரா வாபஸ் வாங்கப் போறேனுங்க."

எல்லாரும் ஸ்ரீனிவாஸைப் பார்த்தார்கள். அவருடைய ஆட்களேதான் ஆசைப்பட்டுச் சோற்றுக் கேரியரில் ஓட்டு அனுப்பியிருக்கிறார்கள். மனிதர் முகம் சிவந்தது. போனை எடுத்தார். "தறியை நிறுத்திப்போட்டு எல்லாரும் மண்டபத்துக்கு வாங்க... ஆமாப்பா, எல்லாருந்தான்."

பன்னிரண்டு பேரும் தலையில் நீலப் பஞ்சோடு ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கையெழுத்து நூற்று நாற்பத்தொன்று. ராசாத்தாள் ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு எண்ணினாள். சீட்டும் நூற்று நாற்பத்தொன்று!

டீனா விசிலடித்தாள். அப்போதுதான் லோகப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால்.

"இனி நீங்களே நெனைச்சாலும் வாபஸ் வாங்க முடியாதுங்க" என்று சொல்லியபடி ஸ்ரீனிவாஸ் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "அம்மணி, நான் கட்சிக்காரன். என்ற ஓட்டு எங்க கட்சிக்குத்தான். ஆனா நீங்க சொல்ற முறை வந்துச்சுன்னா, என்ற ரெண்டாவது ஓட்டு உங்களுக்குங்க."

"அதை எழுதறதுக்கு ஒரு இடம் வேணும்னுதாங்க நான் நிக்கறதே!" என்றாள் லோகப்பிரியா.