குனிந்தால் கேட்கும் குரல்

கிண்டியைத் தாண்டியதும் பேருந்தில் யாருடைய நெஞ்சுமணியோ ஒலித்தது.

சன்னலோரத்தில் இருந்த ஓர் இளைஞன் மார்பைப் பிடித்துக்கொண்டான். உள்ளே இழுத்த மூச்சு பாதியில் நின்றுவிட, முகம் வெளுத்தது. காறை எலும்புக்குக் கீழே, சட்டைத் துணிக்குள், ஒரு நாணயம் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பச்சை.

"பச்சைதானே?" என்றாள் பக்கத்து இருக்கைப் பூக்காரம்மா, கூடையை மடியிலிருந்து இறக்காமலே. "மெதுவா மூச்சு வுடு. தானா போயிடும்."

மணிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "கேட்டேன், கேட்டேன். வரும்போது மறக்காம தோசை மாவு வாங்கிட்டு வா."

பேருந்தே சிரித்தது. அரை மூச்சில் அவனும் சிரித்தான்.

செண்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை. கிண்டி வரைக்கும் அவன் நேராகத்தான் உட்கார்ந்திருந்தான். பிறகுதான் வேலை மெனக்கெட்டு முன்னால் குனிந்தான். அப்படித்தானா, அல்லது தான் பார்க்க விரும்பியதைப் பார்த்துவிட்டோமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பாதவள் அவள்.

நெஞ்சுமணி வருவதற்கு முன்னால் இந்த வலி எத்தனையோ பேரின் நிம்மதியைக் கெடுத்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இடது மார்பில் ஊசி குத்தினாற்போல் வரும். மூச்சை இழுத்தால் இன்னும் குத்தும். சில நிமிடங்களில் வந்த சுவடில்லாமல் போய்விடும். விலா எலும்புகளுக்கு நடுவே ஏதோ நரம்பு சீண்டப்படுகிறது, இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சொல்லி என்ன? வலி வரும் நொடியில் எல்லாருக்கும் அது மாரடைப்புதான். பள்ளியில் படிக்கும்போது செண்பகவல்லிக்கு அது வரும்போதெல்லாம், அவளுடைய அப்பா கோமதிநாயகம் மின்வாரியத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு அவளை வண்டியில் கொண்டு ஓடுவார்.

மணி அந்தப் பயத்தை ஒழித்தது. மூச்சையும் தசையையும் இதயத் துடிப்பையும் சேர்த்துப் படித்து, ஆபத்தில்லாத வலி என்றால் பச்சை காட்டும். இதய வலி என்றால் சிவப்பு, உடனே ஆம்புலன்ஸ். நடித்து அதை ஏமாற்ற முடியாது. எந்த நிறமானாலும், நாம் குறித்துக் கொடுத்த ஒருவருக்குச் செய்தி போகும். அவருக்குக் கேட்பாளர் என்று பெயர். பச்சைக்கும் கேட்பாளர் தன் குரலால் பதில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் மணி நிலைமை மோசம் என்று எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸை அனுப்பிவிடும்.

செண்பகவல்லியின் கேட்பாளர் அப்பாதான்; அப்பாவின் மணிக்குக் கேட்பாளர் அவள். அவள் முதன்முதலாக மணி கட்டிக்கொண்ட நாளில் அவர்களுக்குள் சண்டை கிடையாது. அதற்குப் பிறகுதான் அவர் பார்த்து வைத்த சிவகாசி மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் சென்னைக்கு வேலைக்கு வந்தாள். "இனிமே உனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்றார் அவர். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் அல்ல. கேட்பாளரை மாற்றலாம்தான். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்து விண்ணப்பிக்க, முதலில் பேச வேண்டும்.

ஆகவே அவளுக்கு வலி வந்தால் அவர் "ம்" என்பார். அந்த ஓரெழுத்தோடு இணைப்பு அறுந்துவிடும். சில மாதங்கள் கழித்து அது "ம். சாப்பிட்டியா?" என்று வளர்ந்தது. அவளும் "ம்" என்பாள். அவள் விடுதி அறைக்குத் திரும்பி, கட்டிலில் கால் மடக்கி, முழங்காலில் முகவாய் பட உட்காருகிற மாலை நேரத்தில்தான் பெரும்பாலும் அந்த வலி வந்தது.

அவள் வேலை பார்த்தது மணி செய்கிற நிறுவனத்திலேயே. மேலாளர் ஜெசிந்தா ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"பச்சை ஏறிக்கிட்டே போகுது. மணி வந்ததுக்கு அப்புறம் நாடு முழுக்க இந்த வலி பல மடங்கு ஆயிடுச்சு. மின்கலச் சூடுதான் நரம்பைச் சீண்டுதுன்னு மேல பயப்படுறாங்க. அப்படி இருந்தா எல்லா மணியையும் திரும்ப வாங்கணும். என்னன்னு பாரு."

செண்பகவல்லி பார்த்தாள். மின்கலத்தில் குறையில்லை. கேட்பாளரும் அதே வீட்டில் இருந்தால், வலி அதிகரிக்கவே இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் கூடியிருந்தது, அதுவும் வேலை முடிந்த மாலைகளில், பண்டிகை நாட்களில்.

முதலில் தன்னையே சோதித்தாள். ஒரு மாலை முழுவதும் சுவரில் முதுகை ஒட்டி நேராக உட்கார்ந்தாள். வலி வரவில்லை. அறை ரொம்பப் பெரிதாக இருந்ததுபோல் தோன்றியது. மறுநாள் வழக்கம்போல் குனிந்து உட்கார்ந்தாள். குத்தியது.

"ம்" என்றது அப்பாவின் குரல். இணைப்பு அறுபடவில்லை. பிறகு, "நேத்து வரலயே?"

"வரல."

"நல்லது" என்றார், நல்லது என்பது போலில்லாத குரலில்.

அன்று அவளுக்கு உறுதியாயிற்று. கூடவே பயமும் பிடித்தது. உண்மையைச் சொன்னால், வேண்டுமென்றே வரவழைக்கும் வலிக்கு எதற்குச் செய்தி என்று பச்சையை நிறுத்திவிடுவார்கள். அப்பாவின் "ம்" அதோடு போய்விடும். சொல்லாமல் விட்டால் மணிகளையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அப்போதும் அது போய்விடும், கூடவே யாரோ ஒருவரின் சிவப்பைக் காட்டவும் மணி இருக்காது. அதை நினைத்தபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"மணியில ஒண்ணும் இல்ல மேடம். ஆளுங்கதான் குனியுறாங்க."

"குனியுறாங்களா? எதுக்கு?"

"அந்தப் பக்கம் ஒரு குரல் கேக்கும்ல, அதுக்கு. முன்னாடி மிஸ்டு கால் குடுப்பாங்களே, அந்த மாதிரி."

"பேசணும்னா போன்ல பேச வேண்டியதுதானே!"

"போன்ல கூப்பிட்டா எதுக்குக் கூப்பிட்டேன்னு சொல்லணும் மேடம். வலின்னா சொல்ல வேண்டாம்."

மேசைமேல் கவிந்திருந்த ஜெசிந்தா மெல்ல நிமிர்ந்து, முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார்.

மேலிடம் இரக்கத்தோடுதான் முடிவெடுத்தது. மணியில் நீல விளக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. விரலால் இரண்டு முறை தட்டினால் போதும், கேட்பாளருக்கு நீலம் எரியும். பேசலாம். வலிக்க வேண்டியதில்லை. மக்கள் நீலத்துக்குப் பழகியபிறகு பச்சைச் செய்தியை நிறுத்திவிடலாம் என்று திட்டம்.

நீலம் வந்து ஒரு மாதம் ஆனதும் ஜெசிந்தா அவளைத் தேடி இருக்கைக்கே வந்தார்.

"நீலத்தை ஒருத்தர்கூடத் தொடல. விளம்பரம் பண்ணியும் தொடல. பச்சை அப்படியே இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு கூத்து. இது சின்ன வயசுக்காரங்க வலிதானே? இந்த மாசம் ஊர்ப்பக்கம் அறுபது வயசுக்காரங்களுக்கெல்லாம் வருது. புதுசா ஏதாவது நோயான்னு கேக்குறாங்க. நாளைக்குப் பார்த்துச் சொல்லு."

அன்று மாலை செண்பகவல்லி கட்டிலில் உட்கார்ந்து மணியின் மேல் விரல் வைத்தாள். ஒரு முறை தட்டினாள். இரண்டாவது முறை விரல் போகவில்லை. என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? விரலை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் முழங்காலை மடக்கினாள்.

அதற்குள் மணி தானாகவே ஒலித்தது. அவளுக்கு வலிக்கவில்லை.

"உங்கள் தந்தைக்கு நெஞ்சு வலி. பதில் சொல்லுங்கள்."

பச்சைதான் எரிந்தது. இதயத் துடிப்பில் மாற்றமில்லை என்பது அதற்கு அர்த்தம் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் அந்த விடுதியில் இல்லை. ஆனாலும் கட்டிலிலிருந்து குதித்து இறங்கிவிட்டாள்.

"எப்பா! என்ன செய்யுது? எங்க வலிக்கு? எப்பா!"

"கத்தாத." பாதி மூச்சில் அவர் குரல் வந்தது. "பச்சைதான. போயிரும்."

"எப்படி உக்காந்திருந்தீங்க?"

அந்த ஊர் வீட்டு மின்விசிறியின் கடகடப்புக்கு நடுவே பதில் வந்தது.

"கட்டிலுக்கு அடியில செருப்பத் தேடிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு வாரமா."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கே தோன்றவில்லை.

"சவத்து வலி இது. எப்படித்தான் தெனமும் தாங்குத நீ?"

"எப்பா, நீலம்னு ஒண்ணு வந்திருக்கே. ரெண்டு தட்டு தட்டுனா போதும். நாங்கதான் செஞ்சோம்."

"பாத்தேன் பாத்தேன்."

"பெறவு ஏன் தட்டல?"

"தட்டினா, நாந்தான் மொதல்ல பேசுனேன்னு ஆயிரும்லா." மூச்சு சீரானதும் குரலில் பழைய மிடுக்கு திரும்பியது. "இப்பம் யாரு மொதல்ல பேசுனது?"

"நாந்தான்."

"ம்" என்றார் கோமதிநாயகம், நிறைவாக. "சரி, சொல்லு. அந்தச் சென்னையில என்னதான் திங்க நீ?"