கட் சொல்லாத டேக்

நேற்று மூடிவிட்டுப் போனபோது இருந்ததைவிட அந்தப் பதிவு இன்று நீளமாக இருந்தது.

ஓரியானா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். அனிமேஷன் படிப்பின் கடைசி வருடத்தில் இருப்பவளுக்குக் கண் எரிவதும் திரை ஆடுவதும் புதிதில்லை. அதிலும் தம்பி போனதிலிருந்து அவள் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை. ஆனால் திரையின் அடியில் இருந்த காலக்கோட்டை வலப்பக்கம் இழுக்க இழுக்க அது போய்க்கொண்டே இருந்தது. சிலி நாட்டு வால்பராய்சோ துறைமுகத்தின் சாயங்கால மூடுபனி மலையேறி வந்து, திறந்திருந்த கதவு வழியாக கல்லூரியின் ஜன்னலில்லாத பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது. ரப்பர் மெத்தையின் வாடையும் என்றோ காய்ந்துபோன வியர்வையின் வாடையும் ஈரத்தில் ஊறிக் கிளம்பின.

"இன்னுமா அதையே நோண்டிக்கிட்டிருக்க?" டாமியான் பையைத் தோளில் மாட்டியபடி வந்து நின்றான். அவள் வகுப்புத்தோழன், வாய் மட்டும் நீளம், மனசு நல்லது. "திங்கக்கிழமை படத்தைக் காட்டணும். உன் படத்துல வர்ற ஆளு இன்னும் படியிலேயே நிக்கிறான். எப்பதான் விழுவான்?"

"விழுவான். நீ கிளம்பு."

"வெளிய பனி மூடிடுச்சு, பஸ் நிக்காது. வா, சேந்தே போலாம்."

"போடா, கொஞ்ச நேரத்துல வர்றேன்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அந்தக் கூடத்தில் சுவர் முழுக்கக் கேமராக்கள் இருந்தன. நடுத்தரையில் வெள்ளை டேப்பால் ஒட்டிய சிலுவைக் குறி, பக்கத்தில் நீல மெத்தை. கறுப்பு உடை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டிக்கொண்டு ஒருவர் ஆடினால், திரையில் ஒரு கோட்டு உருவம் அப்படியே ஆடும். அதற்கு ஒரு முறை உண்டு. நடிப்பவர் சிலுவைக் குறியில் நின்று இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக விரிக்க வேண்டும். அப்போதுதான் பதிவு தொடங்கும். முடிக்கும்போதும் அதே இடத்துக்கு வந்து அதே மாதிரி விரிக்க வேண்டும். பிறகு இயக்குபவர் "கட்" சொல்லி நிறுத்துவார். கை விரியாமல் கட் சொன்னாலும் சரி, கட் சொல்லாமல் கை விரித்தாலும் சரி, பதிவு முடியாது. முதல் வருடத்துப் பிள்ளைகள்கூட இதில் தவறுவதில்லை.

தம்பி யெர்கோ விஷயத்தில் ஓரியானா தவறினாள்.

"இன்னொரு தடவை விழு" என்றாள் அன்றைக்கு.

"அக்கா, இடுப்பு கழண்டுடுச்சு. வேணும்னா நீயே வந்து விழேன், மகாராணி."

"மெத்தை இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே விழற. விழப்போறோம்னே தெரியாதவன் மாதிரி விழுடா."

"அப்ப மலை மேலருந்து தள்ளி விடு. சூப்பரா வரும்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவனுக்கும் வந்தது. உருண்டை ஒட்டிய உடைக்கு மேலேயே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனான். அவள் திரையை மட்டும் அணைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் மேட்டுச்சாலை வளைவில் அவனுடைய மோட்டார் சைக்கிள் பஸ்ஸுக்கு அடியில் போனது. மருத்துவமனையில் அந்த உடையைக் கத்தரித்து எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

விபத்தில் போன உயிர் அந்த இடத்திலேயே நிற்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அது தங்குவதற்குச் சாலையோரம் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன வீடு வைப்பார்கள். அம்மாவும் வைத்தாள், நீலத் தகரக் கூரை போட்டு. ஓரியானா ஒருநாளும் அங்கே போகவில்லை. சுற்றுப் பாதையில் வீட்டுக்குப் போவாள்.

காலக்கோட்டைப் பின்னுக்கு இழுத்து ஓடவிட்டாள். பச்சைக் கோட்டு உருவம் சிலுவைக் குறியை விட்டுத் திரும்பி நடந்தது. அதன் தோளைப் பார்த்தாலே தெரிந்தது, கோபம். கூடத்தின் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் உருவம் நிற்கவில்லை. எந்தக் கேமராவாலும் அதைத் தாண்டிப் பார்க்க முடியாது. அது தாண்டிப் போனது. ஒன்றுமில்லாத சாம்பல் வெளியில் படியிறங்கியது. உடைந்த படியைத் தாண்டிக் குதித்தது. குனிந்து காற்றில் எதையோ தடவிக்கொடுத்தது. ரொட்டிக் கடை வாசலில் படுத்திருக்கும் பழுப்பு நாய்க்கு அவன் எப்போதும் அப்படித்தான் செய்வான். எத்தனை நாளாயிற்று, அவன் நடையைப் பார்த்து!

உருவம் உட்கார்ந்தது. கைகள் முன்னால் நீண்டு எதையோ பிடித்தன. இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது.

பிறகு விழுந்தது.

விழப்போகிறோம் என்றே தெரியாதவன் மாதிரி விழுந்தது.

அவள் கேட்ட விழுகை. அதேதான். ஓரியானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. அம்மா.

"எங்கடி இருக்க? வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா. அவகேடோ மசிச்சு வெச்சிருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "யெர்கோவோட சின்ன வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். மெழுகுவத்தி நிக்கவே மாட்டேங்குதுடி. காத்தே இல்ல. ஏத்த ஏத்த, உள்ளருந்து யாரோ ஊதுற மாதிரி அணையுது."

"பனியா இருக்கும்மா."

"நீ ஒரு தடவ வாயேன். அவனுக்கு உன்னைத்தானே தேடும்."

ஓரியானா போனை வைத்தாள்.

திரையில் உருவம் கிடந்தது. நெடுநேரம் கிடந்தது. அவள் காலக்கோட்டைத் தள்ளினாள். இப்போது அது குந்தியிருந்தது. முழங்கால் தாடையில் இடிக்க, தலை ஒருபக்கம் மடங்க, உடைந்த இடது கை முதுகுக்குப் பின்னால் திருகிக்கிடக்க, எதற்குள்ளோ திணித்து வைத்த மாதிரி. மேலே ஒரு கூரை இருப்பதுபோல் கழுத்து அழுந்தியிருந்தது. அந்தக் கூரை என்ன நிறமென்று அவளுக்குத் தெரியும்.

இறுதிவரை தள்ளினாள். காலக்கோட்டின் நுனி நகர்ந்துகொண்டிருந்தது. இப்போதும் பதிவாகிக்கொண்டிருந்தது.

அத்தனை நாளும் அவன் அதற்குள்தான் இருந்திருக்கிறான். வீட்டுக்கும் வராமல், போகவும் முடியாமல். அவள் ஒரு வார்த்தை சொல்லாததால்.

"யெர்கோ" என்றாள். "எழுந்து வாடா. குறிக்கு வந்து நில்லு. முடிச்சுடலாம்."

உருவத்தின் தலை நிமிர்ந்தது.

அது ஊர்ந்து வெளியே வந்தது. எழுந்தது. முழங்கால் போகக் கூடாத பக்கம் மடங்க, காலை இழுத்து இழுத்து நடந்தது. சாய்ந்து எழுந்து, நாய் இருக்கும் இடத்தில் நின்று, உடைந்த படியைத் தாண்ட முடியாமல் தடுக்கி, சாம்பல் வெளி முழுக்கக் கடந்து வந்தது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நடைபாதையில் எதுவோ தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு காலடி. ஒரு தேய்ப்பு. கதவு திறக்கவில்லை. சத்தம் மட்டும் உள்ளே வந்தது.

திரையில், சிலுவைக் குறியின்மேல், அவன் நின்றான்.

சொல்லிவிட வேண்டும். சொன்னால் போய்விடுவான். நடையும் போய்விடும், நாயைத் தடவிய கையும் போய்விடும். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்கிறேனே என்று அவள் மனசு கெஞ்சியது. பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கையை விரிடா, கண்ணா."

வலது கை எழுந்தது. தோளுக்கு நேராக நின்றது. இடது கை பாதிவரை வந்து தொங்கியது. மறுபடி தூக்கினான். தொங்கியது.

"கட்" என்றாள்.

காலக்கோடு நிற்கவில்லை.

"கட்! போதும்டா! கட்!"

விசையைத் தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள். நிற்கவில்லை. கை விரியவில்லை, நிற்கவில்லை.

கண்ணில்லாத அந்தத் தலை அவள் பக்கம் திரும்பியது. கொஞ்சம் சாய்ந்தது. சரியாக வரவில்லை என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவன் அப்படித்தான் சாய்ப்பான்.

"இல்லடா. நல்லா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு யெர்கோ, வேணாம்."

அவன் விழுந்தான்.

அவளுக்குப் பின்னால், யாருமில்லாத தரையில், மெத்தை 'தொப்'பென்றது.

திரும்பினாள். நீல மெத்தையில் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம். இடது கை இருக்க வேண்டிய இடம் கோணிக்கொண்டு. பள்ளம் மெல்ல மேலெழுந்தது. தரையில் ஒரு காலடி. ஒரு தேய்ப்பு. சிலுவைக் குறியின் டேப் லேசாக அழுந்தியது.

அங்கே யாரோ கையைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

மெத்தை மறுபடி அமுங்கியது.