கப்பல் ஏறாத புளிக்காய்ச்சல்

மமதாவின் வீட்டில் புளிக்காய்ச்சல் மணம் வந்தால், பயணம் நெருங்கிவிட்டது என்று பொருள். மற்ற நாட்களில் அடுப்படிப் பக்கம் தலைகாட்டாத அப்பா உத்தமன், பயணம் என்றால் மட்டும் கரண்டியைக் கையில் எடுப்பார். எண்ணெய் பிரிந்து வரும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளி வீடு முழுக்க அந்த மணம்தான். மிளகாய் நெடியில் தம்பி ரகு நான்கு முறை தும்மிவிட்டான்.

இந்த முறை போகப்போவது கப்பலில்! சென்னையில் ஏறினால் மூன்று நாள் கடலிலேயே சுற்றிவிட்டு வரலாம். அந்த வீட்டில் யாரும் இதுவரை கப்பலில் கால் வைத்ததில்லை.

அம்மா வனஜா, கப்பல் கம்பெனி அனுப்பிய விதிகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீச்சல் குளத்துல சின்னப் பசங்க தனியா இறங்கக் கூடாது. ரகு, கேட்டியா?"

"கடல்லதானே போறோம்? அதுக்குள்ள எதுக்கும்மா குளம்?" என்றான் ரகு.

அம்மா அடுத்த வரிக்குப் போனார். "வீட்டுல செஞ்ச சாப்பாடு எதையும் கப்பலுக்குள்ள கொண்டு வரக் கூடாது."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா கையில் பாட்டிலோடு வந்து நின்றார். நான்கு பேருக்கு, மூன்று நாளைக்குக் காணும் அளவுக்குப் புளிக்காய்ச்சல் செய்து முடித்திருந்தார். விதியை முதலில் படிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

"ரைஸ் குக்கரும் கூடாதாம்," என்றார் அம்மா மெதுவாக. "ஆனா அங்க எந்நேரமும் சாப்பாடு உண்டாம்ங்க. ஐஸ்கிரீம்கூட இருக்காம்."

"புளிசாதம் இல்லாம அது என்ன டூர்? ஆபீஸ் கேன்டீனுக்குப் போற மாதிரி இருக்கும். இன்னிக்குத்தானே கன்ஃபார்ம் பண்ணணும்? வேணாம்னு சொல்லிடு. எப்பவும் போல ஏற்காடே போயிடலாம்," என்றார் அப்பா.

எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையே தெரியாத கடலைப் பார்க்க வேண்டும் என்று மமதா எத்தனை நாளாக ஆசைப்பட்டிருந்தாள்! ஆனாலும், பாட்டிலை அணைத்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தபோது கோபம் வர மறுத்தது.

ஒவ்வொரு வருடமும் விடிவதற்கு முன்பே காரில் கிளம்புவார்கள். ஓசூர் தாண்டி, சூளகிரியும் தாண்டினால் சாலையோரம் ஒரு புங்க மரம். அங்கே போர்வையை விரிப்பார்கள். அப்பா தன் கையாலேயே எல்லோருக்கும் புளிசாதம் வைப்பார். அந்த நேரத்தில் அவருடைய செல்போன் அணைந்தே கிடக்கும். ஒரு வருடம் நல்ல மழை. காருக்குள்ளேயே நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்த ரகு, ஒரு முழு அப்பளத்தையும் நக்கியே தீர்த்தான்.

ஏற்காட்டில் என்னென்ன பார்த்தோம் என்பது மமதாவுக்குச் சரியாக நினைவில்லை. அந்த மரத்தடி மட்டும் மறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் அங்கே போய் உட்கார வேண்டும் போல ஏக்கமாக இருந்தது.

சட்டென்று நிமிர்ந்தாள். "அம்மா, நாம சென்னைக்கு எதுல போறோம்?"

"ஃப்ளைட்ல. இன்னும் டிக்கெட் போடல."

"கார்லயே போனா என்ன?"

"வழியில டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா, கப்பல் நமக்காக நிக்குமா?"

"முந்தின நாளே கிளம்பிடலாம்மா. பெரம்பூர் சித்தப்பா வீட்டுல தங்கலாம். காரையும் அங்கயே விட்டுடலாம். சென்னைக்கும் அந்தப் புங்க மரத்து வழியாத்தானே போகணும்? கப்பலுக்குள்ளதானே கொண்டு வரக் கூடாது? சூளகிரி கப்பலுக்குள்ளயா இருக்கு?"

அம்மா விதித்தாளை மறுபடியும் படித்தார். சூளகிரியைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"இவ்வளவையும் ஒரே வேளையில எப்படிடா சாப்பிடுறது?" என்று பாட்டிலைப் பார்த்தார் அப்பா. குரலில் உயிர் வந்திருந்தது.

"மீதியைச் சித்தப்பா ஃபிரிட்ஜுல வெச்சுடலாம்பா. திரும்பி வரும்போதும் அதே வழிதானே?"

"உங்க தம்பி மிச்சம் வெச்சா பார்க்கலாம்," என்று சிரித்தார் அம்மா. பிறகு, "அந்த மழையில கார்லயே சாப்பிட்டோமே, எனக்கு மட்டும் அதை விட மனசு வருமா?" என்றவர் செல்போனை எடுத்தார். கப்பல் டிக்கெட் உறுதியானது. மமதா துள்ளிக் குதித்ததில் நாற்காலி சாய்ந்தது.

அம்மா புது நோட்டைத் திறந்து பயணத் திட்டம் எழுத உட்கார்ந்தார். காலை நான்கு மணிக்குக் கிளம்புவது, போர்வை, தண்ணீர், அப்பளம், மழை வந்தால் குடை என்று எழுதிக்கொண்டே போனார். அப்பா பக்கத்தில் நின்று "வறுத்த வேர்க்கடலையும் எழுது" என்றார்.

ரகு எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தான். மேலிருந்து கீழே வரை தேடினான்.

"அம்மா, இதுல கப்பலையே காணோமே?"

"இருடா," என்றார் அம்மா, "அது அடுத்த பக்கத்துல வரும்."