ஜெகன் வரைந்த கறுப்புப் படம்

சென்னையில் ஓவியக் கடை வைத்திருக்கும் ஷாரோன் படம் வாங்க எங்கள் ஊருக்கு வந்தபோது நல்ல வெயில். சாலவாக்கத்தில் அன்று இலை அசையவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"வேதகிரி சார், ஏரித்தண்ணி வாசனை அடிக்குதே?"

பேச்சை மாற்றிச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். உண்மையைச் சொல்லி வந்தவரை விரட்டிவிட எனக்கென்ன பைத்தியமா?

படம் என் தம்பி ஜெகன் வரைந்தது. ஓவியக் கல்லூரியில் படித்தவன். வெள்ளைத் தாளில் கறுப்பு மையை வீசி, இழுத்து, சிதறவிட்டிருந்தான். எனக்கு அதில் தலையும் புரியாது, காலும் புரியாது. பழைய மாட்டுக்கயிறு ஒன்றைக் கட்டி அவனே சுவரில் மாட்டினான். மறுநாள் குளிக்கப் போனவன் ஏரியில் மூழ்கிப் போனான்.

அதன் பிறகு படத்தில் கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் என் மகள் நிஷா தினமும் விரல்களில் ஈர மையோடு எழுந்தாள். சின்னக் குழந்தை. காய்ச்சலும் விடவில்லை.

"சித்தப்பா கூப்ட்டுக்கினே கீறாரு நைனா. தண்ணி ஆழமே இல்லியாம்."

படத்தை எரிக்கத் தீப்பெட்டியை எடுத்தேன். தம்பி கைபட்டது, மனம் வரவில்லை. அதனால்தான் விற்பனைக்கென்று போட்டோ எடுத்து நெட்டில் போட்டேன்.

ஷாரோன் தன் செல்போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோல இந்த மூலை காலியாத்தானே இருந்துது?"

அங்கே ஒரு கை.

குழந்தையின் கை.

"வெளிச்சத்துல அப்டி தெரியுதும்மா. எடுத்துக்கினு போங்க" என்றேன்.

என் மனைவி சசிரேகா படத்தை இறக்கி, துணியில் சுற்றிக் கொடுத்தாள். கார் ஏரிக்கரையில் திரும்பி மறைந்தது.

மாலையே காய்ச்சல் இறங்கிவிட்டது. நிஷா கேட்டு வாங்கி இட்லி சாப்பிட்டாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அந்தச் சுவர்ப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் ஷாரோன் போன் செய்தார்.

"சார், துணியப் பிரிச்சா வெறும் வெள்ளைப் பேப்பர்தான் இருக்கு. ஒரு பொட்டு மை இல்ல."

திரும்பிப் பார்த்தேன். ஆணியில் மாட்டுக்கயிறு தொங்கியது.

"இன்னாடி இது?"

சசிரேகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் அவுத்து வச்சேன். மாட்ட வித்தா கயிறையும் சேத்தா குடுப்போம்? வூட்ல கீற லட்சுமி கூடவே பூடாதா?"

கயிறு நனைந்திருந்தது.

நுனியிலிருந்து கறுப்பாகச் சொட்டியது.

நிஷாவின் பாய் காலியாகக் கிடந்தது. அங்கிருந்து ஈரமான காலடிகள் போயிருந்தன. சின்னது ஒரு ஜோடி, பக்கத்திலேயே பெரியது ஒரு ஜோடி. வாசலுக்குப் போகவில்லை. சுவர் வரை போய் நின்றுவிட்டன.

"நிஷா!" என்று கத்தினேன்.

சுவருக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"நீயும் வா நைனா. ஆழமே இல்ல."