எண்ணெய் கசியாத புஷ்

கதிரையைக் காட்டியும் தவராசா உட்காரவில்லை. “என்ர பிள்ளையைக் கொன்றது முனீப்தான். அதை நிரூபிச்சுத் தாங்கோ, தங்கச்சி.”

போன மாதம் திருகோணமலைத் துறைமுகத்துப் படகுத்தளத்தில் அந்த அநியாயம் நடந்தது. படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்த விஞ்ச் இயந்திரம் இறுகி அதன் சுழல்தண்டு முறிந்தது. சறுக்கி வந்த படகு அவருடைய மகன் தர்சனை நசுக்கிவிட்டது. விஞ்ச் ஓட்டிய முனீப் கிறீஸ் பூசவில்லை என்று தவராசா பொலிசில் சொல்ல, அவன் இப்போது மறியலில் அடைபட்டிருக்கிறான்.

இயந்திர விபத்துகளைத் துப்பறியும் ஜெயரூபி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். உதவியாள் நிப்றாசுக்கு வாய் சும்மா கிடக்குமா? “கேஸ் முடிஞ்சுது அக்கா!”

“முதல்ல சாமானைப் பாப்பம், வாரும்.”

தவராசாவும் கூடவரத் தளத்துக்குப் போனார்கள். தண்டைத் தாங்கும் இரண்டு புஷ் வளையங்களில் ஒன்று கருகிக் கிடந்தது. மற்றது முழுசாக இருந்தது. நிப்றாஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கிறீஸ் விடத் துளையே இல்லையே!”

“தேவையில்லை,” என்றார் முதலாளி சரீப். “முந்தி கெட்டி வெண்கலம். கிறீசில மணல் ஒட்டுது எண்டு இந்தமுறை நுண்துளை வெண்கலம் எடுத்தன். எண்ணெய் உள்ளுக்கையே ஊறியிருக்கு. பூச வேணாம் எண்டு முனீப்பிட்டச் சொன்னதும் நான்தான்.”

ஜெயரூபி முழுசாக இருந்த புஷ்ஷையும் புதியது ஒன்றையும் வெயிலில் கொதித்த தகரத் தகட்டில் வைத்தாள். சற்றுநேரத்தில் புதியது எண்ணெயாய் வியர்த்தது. பூட்டியிருந்ததில் ஒரு பொட்டு ஈரமில்லை.

அவள் புதியதைத் துடைத்துத் தவராசாவிடம் நீட்டினாள். அந்தத் தளத்தில் இயந்திரங்களைப் பூட்டும் நெடுநாள் பிற்றர் அவர்தான்; இந்தப் புஷ்களையும் அவரே பூட்டியிருந்தார். “அண்டைக்குப் பூட்டின மாதிரியே செய்து காட்டுங்கோ, அண்ணை.”

அவர் யோசிக்கவேயில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் அதைப் போட்டார். “ராவு முழுக்க ஊறட்டும். ஊத்தை இருந்தா எனக்குப் பிடியாது.”

இந்த ஒருதரம் அக்காவின் கணக்குப் பிழைத்துப் போகாதா என்று நிப்றாஸ் ஏங்கினான்.

“உள்ளுக்கிருந்த எண்ணெயைக் கழுவிப்போட்டியள், அண்ணை. அதால புஷ் காய்ஞ்சுதான் விஞ்ச் இறுகினது.”

“எப்பவும் இப்பிடித்தானே கழுவுறனான்!”

“அது கெட்டி வெண்கலம். இது வேற எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

சரீப் தலையைக் குனிந்துகொண்டார். தவராசா மண்ணெண்ணெய்க்குள் கைவிட்டுப் புஷ்ஷை வெளியே எடுத்து வைத்தார். பிறகு ஜெயரூபியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முனீப் எண்டே இருக்கட்டும், தங்கச்சி. நான் வீட்டை போய் தர்சனின்ர அம்மா புஸ்பராணியின்ர முகத்தில முழிக்க வேணும்.”

“ஏலாது, அண்ணை. முனீப் மறியலில இருக்கிறான்.”

அவர் கையை விட்டார். “தம்பி, பொலிசுக்குப் போன் எடுத்துத் தாரும். நானே சொல்லுறன்.”

நிப்றாஸ் எண்ணை அழுத்திப் போனை அவரிடம் கொடுத்தான்.

“நான் தர்சனின்ர அப்பா கதைக்கிறன்,” என்றார் தவராசா. “புஷ்ஷைக் கழுவினது நான்தான். முனீப்பை விடுங்கோ.”