மூடிக்குக் கீழே பன்னிரண்டு புள்ளிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடிப்படி ஏறி வந்த பெண், கையிலிருந்த பால்பவுடர் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். உள்ளே இரும்பு குலுங்கியது.

"நீங்கதானே சுத்தியல் அக்கா?"

அவளேதான். பழைய மோட்டார் படகு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடுவார்கள். சின்னச் சுத்தியலால் படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டே போவாள். இரும்பு எங்கே இளைத்திருக்கிறது, எந்த ஓட்டையைப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். படகு விற்கிறவர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மூழ்கிய படகு தானாக மூழ்கியதா, மூழ்கடிக்கப்பட்டதா என்று பார்க்கப் போலீசும் நாலைந்து முறை அவளைக் கூப்பிட்டிருக்கிறது.

அவளுக்கு உதவியாள் அவள் கணவர்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை இன்னும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். குறிப்பு எழுதுவது அவர் வேலை. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு முடிவு சொல்வது அவர் சுபாவம்.

"உக்காருங்க. யாரு நீங்க?" என்றாள் அக்கா.

"வெல்டர் பொண்டாட்டிங்க. வியாழக்கிழமை படகு யார்டுல பெரியவர் செத்துப்போனாரில்ல, அதுக்கு எங்க வீட்டுக்காரரப் பிடிச்சு வெச்சிருக்காங்க."

அக்காவின் முகம் மாறியது. பெரியவர் என்பது அவளைப் போலவே படகு பரிசோதிக்கிற இன்னொருவர். இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் எழுதிய அறிக்கையில் இவள் குற்றம் கண்டுபிடிப்பாள், இவள் எழுதியதில் அவர். வியாழக்கிழமை செய்தி வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க."

அந்தப் பெண் சொன்னாள். விற்பனைக்கு வந்த இரும்புப் படகு அது. யார்டில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பின்தளத்துக்கு அடியில் ஓர் அறை. நாலு வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை. வியாழக்கிழமை பரிசோதனை. மூன்று நாள் முன்னாடியே திறந்து காற்றாட விட வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்ததால், திங்கட்கிழமை காலையிலேயே வெல்டர் பன்னிரண்டு போல்ட்டையும் கழற்றி, மூடியை எடுத்துத் தளத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை காலையில் மூடி அதே இடத்தில்தான் இருந்தது. பெரியவர், எப்போது திறந்தது என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து திறந்துதான் கிடக்கிறது என்றார் படகுக்காரர். பெரியவர் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். இரண்டு மூச்சுக்குள் அப்படியே தலைகுப்புற உள்ளே விழுந்தார்.

"படகுக்காரர் உள்ள குதிக்கப் போனாரு. எங்க வீட்டுக்காரர்தான் அவர் இடுப்பப் பிடிச்சு இழுத்து நிறுத்தியிருக்காரு. இப்ப அதையும் குத்தமா சொல்றாங்க. திங்கக்கிழமை நீ திறக்கவே இல்ல, வியாழக்கிழமை காலைலதான் திறந்திருக்கேன்னு போலீஸ்காரங்க சொல்லிச் சொல்லி, இப்ப அவரே 'நான் மறந்துதான் போயிட்டேனோ'ன்னு கேக்கறாரு. நாளைக்குக் காலைல ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடப் போறாராம்."

"காத்து பாக்கற மீட்டர் பெரியவர்கிட்ட இருந்திருக்குமே?"

"பையிலயே இருந்துச்சாம்."

"கிழவனுக்குப் புத்தி எங்க போச்சு!" என்று அக்கா கத்திவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள இறங்கறப்ப எடுத்துக்கலாம், சும்மா எட்டிப் பாக்கறதுக்கு எதுக்குன்னு நினைச்சிருப்பார். இந்த டப்பாவுல என்ன?"

"அந்தப் போல்ட்டுதாங்க. எந்த மூடியக் கழட்டினாலும் போல்ட்டத் தன் பெட்டியில பூட்டி வெச்சிடுவாரு. உள்ள ஆள் இருக்கறது தெரியாம யாராவது மூடி முறுக்கிடக் கூடாதுன்னு. வெள்ளிக்கிழமை அவர் பெட்டிய வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாங்க."

அக்கா ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். எண்ணெய்ப் பசை, பழைய வெள்ளைப் பெயின்ட், கொஞ்சம் துரு. வேறு ஒன்றும் இல்லை. டப்பாவை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

யார்டில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு படகுகள் அடுத்தடுத்து நின்றன. போலீஸ் காவல் போட்டிருந்ததால் வியாழக்கிழமைக்குப் பிறகு யாரும் படகைத் தொடவில்லை. இன்ஸ்பெக்டர் அக்காவுக்குப் பழக்கமானவர்.

"வாங்கக்கா. கேஸ் முடிஞ்ச மாதிரிதான். இருந்தாலும் பாத்துட்டுப் போங்க."

ஏணியில் முதலில் ஏறியது கண்டக்டர். அறையின் திறந்திருந்த வாயை நோக்கிக் குனியப் போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள் அக்கா.

"ஒரு சாவு போதும். தள்ளுங்க."

மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்து, காற்று சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவரை எட்டிப் பார்க்க விட்டாள்.

தளம் முழுக்கச் செங்கல் பொடி தூவியது போலச் சிவப்புத் தூசி. பக்கத்துப் படகின் அடியில் இருந்த பழைய சிவப்புப் பெயின்டைத் தேய்த்து எடுத்ததால் வந்தது. கீழே நின்ற பெயின்டரைக் கேட்டதற்கு, "செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தாங்க தேய்ச்சேன்," என்றார்.

கண்டக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, மூடி மேல பூரா சிவப்பு. உள்ள ஒரு பொட்டு சிவப்பு இல்ல. அப்ப செவ்வாய்க்கிழமை இது மூடித்தான் இருந்திருக்கு. திங்கக்கிழமையே திறந்தேன்னு வெல்டர் சொல்றது..." கீழே வெல்டர் மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. மீதியை மென்று விழுங்கினார்.

"நாங்களும் அதையேதான் எழுதியிருக்கோம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா மண்டி போட்டு, மூடியின் மேற்பக்கத்தை முகம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பிறகு அந்த வாயைச் சுற்றி ஒட்டியிருந்த கறுப்பு ரப்பர் வளையத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அதன்பின் எழுந்து படகின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். விரல் சுத்தமாகவே இருந்தது.

"பெயின்டர் தம்பி, தேய்க்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"போன ஞாயித்துக்கிழமையே எல்லாப் படகுக்காரங்களுக்கும் போன் பண்ணிட்டேங்க. தூசி பறக்கும், உங்க உங்க படக மூடிக்குங்கன்னு."

"இந்தப் படகுக்காரர் என்ன சொன்னார்?"

"'சரி, பாத்துக்கறேன்'னாரு."

அக்கா கண்டக்டரைப் பார்த்தாள். "எழுதிக்குங்க," என்றாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "அவரக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?" என்றாள்.

அரை மணி நேரத்தில் படகுக்காரர் காரில் வந்து இறங்கினார். சலவைச் சட்டை, அமைதியான பேச்சு. வெல்டர் மனைவியைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எல்லோரும் பின்தளத்தில் கூடினார்கள்.

"வியாழக்கிழமைக்கு முன்னாடி நீங்க எப்ப இங்க வந்தீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அதுக்கு முந்தின வாரம் வந்ததுதான். வெல்டர் திறந்துட்டேன்னு போன்ல சொன்னார். அதைத்தான் நானும் பெரியவர்கிட்ட சொன்னேன்."

"சரி. இன்ஸ்பெக்டர் சார், செவ்வாய்க்கிழமை மூடி வாய் மேல இருந்துச்சு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா போல்ட் இருந்துச்சா?"

"மூடி இருந்தா போல்ட்டும் இருந்திருக்கும்."

"குனிஞ்சு பாருங்க. போல்ட் தலை இருந்திருந்தா அதுக்கடியில தூசி படிஞ்சிருக்காது. ஓட்டையச் சுத்தி வட்டமா ஒரு இடம் சுத்தமா இருக்கணும். இங்க ஓட்டை விளிம்பு வரைக்கும் சிவப்பா இருக்கு. இந்தாங்க போல்ட்டு. ஒண்ணுலகூடச் சிவப்பு இல்ல."

இன்ஸ்பெக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்தார்.

"இப்ப ரப்பரைப் பாருங்க. மூடி திறந்து கிடந்திருந்தா ரப்பர் பூரா சிவந்திருக்கும். போல்ட் போட்டு மூடியிருந்தா ஒரு துளிகூட இருந்திருக்காது. இங்க பொட்டு வெச்ச மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. எண்ணுங்க."

கண்டக்டர் எண்ணினார். "பன்னெண்டு!"

"மூடியில எத்தன ஓட்டை?"

"அதுவும் பன்னெண்டு." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஓட்டை வழியா விழுந்த தூசிதான் இது. அப்ப திங்கக்கிழமையே வெல்டர் போல்ட்டக் கழட்டிட்டார். அப்புறம்தான் யாரோ மூடிய எடுத்துச் சும்மா மேல வெச்சிருக்காங்க!"

"அதுவும் கோணலா வெச்சிருக்காங்க. புள்ளியெல்லாம் கீழ் விளிம்புல இருக்கற போல்ட் ஓட்டைக்கு நேரா விழல, ரெண்டு ரெண்டு ஓட்டைக்கு நடுவுல விழுந்திருக்கு. பட்டறைக்காரங்க கை தன்னால ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி வெக்கும். அதோட, போல்ட் இல்லாத மூடியப் பாத்தா காத்தாடத் திறந்ததுன்னு அவங்களுக்குத் தெரியும், தொடவே மாட்டாங்க. இது வேலை தெரியாத கை. படகு அழுக்காகக் கூடாதுன்னு நினைச்ச கை. ஜன்னல் கண்ணாடியில மட்டும் தூசி இல்ல. தேய்க்கறதுக்கு முன்னாடி யாரோ வந்து துணி போட்டு மூடி, வியாழக்கிழமை காலைல எடுத்திருக்காங்க." அக்கா படகுக்காரர் பக்கம் திரும்பினாள். "அந்தத் துணியெல்லாம் எங்க சார்?"

படகுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கண் மட்டும் ஒரு கணம் கீழே நின்ற காரின் பின்பக்கத்துக்குப் போய் வந்தது. இன்ஸ்பெக்டர் சாவி கேட்டுக் கை நீட்டினார். காருக்குள் இரண்டு பழைய படுக்கை விரிப்புகள், செக்கச் செவேலென்று தூசியோடு சுருட்டிக் கிடந்தன.

"திங்கக்கிழமை சாயந்திரம் வந்தேன்," என்றார் படகுக்காரர். "அறைக்குள்ள தூசி போகும்னுதான் மூடினேன். திறந்து வெக்கறது நாத்தம் போகத்தான்னு நினைச்சேன். வியாழக்கிழமை சீக்கிரமா வந்து எடுத்துட்டேன். மூடியிருந்துச்சுன்னு சொன்னா இன்னும் மூணு நாள் தள்ளிப் போடுவார். வாங்கறவங்க அதுக்குள்ள வேற படகு பாத்துடுவாங்க. காத்துல ஆள் சாவான்னு எனக்கு சத்தியமா தெரியாது."

"ஈர இரும்பு துருப்பிடிக்கறப்ப காத்துல இருக்கற பிராணவாயுவத் தின்னுடும். நாலு வருஷமா மூடிக் கிடந்த அறை, அரை நாள் திறந்தா பத்தாது. உங்களுக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேலயுமா தெரியாது? உங்க இடுப்பப் பிடிச்சு உங்க உசுரக் காப்பாத்தின மனுஷன் லாக்கப்புல இருக்கான். நாலு நாளா வாயத் திறக்கலையே நீங்க?"

படகுக்காரர் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெல்டர் மனைவி அவரைத் திட்டவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு விசும்பினாள்.

மாலை நான்கு மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் வெல்டரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முகச் சவரம் இல்லை, சட்டை கசங்கியிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். புள்ளிகள், விரிப்புகள், படகுக்காரர் எழுதிக் கொடுத்தது எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நான் திறந்துதான் வெச்சிருந்தேன்," என்றார்.

"திறந்துதான் வெச்சிருந்தீங்க. கிளம்புங்க, வீட்டுக்குப் போகலாம்," என்றார் கண்டக்டர். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வெல்டர் எழுந்திருக்கவில்லை. "படகுக்காரர் சொன்னத மட்டும் கேட்டுப் பெரியவர் உள்ள தலைய விடல. ஒரு தடவ திரும்பி என் முகத்தப் பாத்தாருக்கா. நான் தலையாட்டினேன். அப்புறம்தான் குனிஞ்சார்."

கண்டக்டர் கையிலிருந்த பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"நானா இருந்தாலும் ஆட்டியிருப்பேன்," என்றாள் அக்கா.

"நீங்க ஆட்டலையே அக்கா."

வெல்டர் மனைவி குனிந்து அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு கையைப் பிடித்து எழுப்பி, வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.