ஏழாம் நம்பர் பெட்டி

இடிமேகத்துக்குள் இருந்து அளவுகள் வரத் தொடங்கியிருந்தன. பெற்றிசியா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். பெட்டி எண் ஏழு என்றிருந்தது. இன்றைக்கு அனுப்ப வேண்டியது ஒன்பதாவது பெட்டி. ஏழாவது போன மாதம் பலூனோடு கடலில் விழுந்தது. அதை ஒருவரும் கண்டெடுக்கவில்லை.

அவளுடைய வேலை சின்ன வேலைதான். பலூனில் கட்டிய பெட்டி மேகத்துக்குள் போய் அங்குள்ள மின்சாரத்தை அளந்து செக்கனுக்குச் செக்கன் அனுப்பும். தோட்டவெளி வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு அவள் அதைப் படமாக்குவாள். சாதுவான இடம் நீலப் புள்ளி. மின்னல் திரளும் இடம் சிவப்பு. சிவப்பைக் கண்டால் மீனவர் சங்கத்துக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஏழாவது பெட்டி பறந்த அன்றைக்கு ஐந்து சிவப்புப் புள்ளிகள் வந்தன. பெட்டி நனைந்தால் இப்படித்தான் உளறும், எத்தனை தடவை பார்த்தாயிற்று! ஐந்தையும் அழித்தாள். படம் முழுக்க நீலமாக, வடிவாக இருந்தது. சங்கத்துக்குப் போன் எடுக்கவில்லை. விடியற்காலையில் தம்பி பேதுருவின் படகு ஒரு பக்கம் கருகிக் கரையொதுங்கியது. அவன் வரவில்லை.

சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயும் அவளால் வாய் திறக்க முடியவில்லை. தம்பியின் மனைவி கிறேஸோ வாசல் கதவைச் சாத்த விடமாட்டாள். ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைப்பாள். அந்தச் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி பெற்றிசியாவும் சாப்பிட வேண்டும்.

இன்றைக்குப் பின்நேரம் நாலு மணிக்கே வெளியே இருண்டுவிட்டது. பனைகளில் ஓலை அசையவில்லை, காகங்கள் எங்கே போயினவோ தெரியவில்லை, தூரத்தில் இடி உருளும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி மட்டும் மெதுவாகக் கிணுகிணுத்தது. அவள் அரிப்பு ஊர்க் கரையில் பலூன் விடுகிற அருட்பிரகாசத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"பலூனோ மிஸ்? இன்னும் விடேல்லையே. மழைக்குப் பயந்து கட்டினபடி கிடக்கு."

அவள் போனை வைத்தாள். திரையில் இன்னொரு புள்ளி விழுந்தது. சிவப்பு.

கடலுக்கு மேல் ஒன்று. அரிப்பில் ஒன்று. வங்காலையில் ஒன்று. மன்னார்ப் பாலத்தில் ஒன்று. உயரம் இறங்கிக்கொண்டே வந்தது. அழித்தாள். நாலும் திரும்ப வந்தன. திரும்ப அழித்தாள். மாதாவே, மாதாவே!

ஐந்தாவது தோட்டவெளியில், இந்த வீட்டிலேயே விழுந்தது. உயரம் ஓர் ஆள் உயரம்.

வாசலில் இருந்து உப்பு வாடை வந்தது. அதோடு மயிர் கருகிய மணம்.

"மச்சாள்," சாப்பாட்டு மேசையில் இருந்து கிறேஸ் கூப்பிட்டாள். குரலில் எத்தனை சந்தோசம்! "வாங்கோ. அவர் வந்திட்டார்."

பெற்றிசியா போனாள். கிறேஸ் அழுதழுது சிரித்துக்கொண்டு சோறு போட்டாள். கதிரையில் ஒருவரும் இல்லை. கதிரைக்குக் கீழே தண்ணீர் சொட்டியது. கிறேஸின் அவிழ்ந்த கூந்தல் காற்றில்லாமல் எழும்பி, இழை இழையாக, அந்த வெறுங்கதிரையை நோக்கி நீண்டு நின்றது.

"கிறேஸ், அண்டைக்கு நான்..."

"பிறகு கதைப்பம் மச்சாள். பசியோட வந்திருக்கிறார்."

கூந்தல் நுனிகள் அசைந்தன. கதிரையை விட்டு. மேசையைச் சுற்றி. பெற்றிசியா நின்ற பக்கம்.

அவளுடைய பிடரி மயிர் எழும்பியது. முதுகில் ஈரம்.

"தம்பி," என்றாள். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அழுகை முட்டியது. "அஞ்சு புள்ளி வந்தது, ராசா. நான்தான் அழிச்சனான். போன் எடுக்கேல்லை."

கிறேஸின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. அவள் சிரிப்பு நின்றது. பெற்றிசியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அழக்கூட மறந்து நின்றாள். அவள் கூந்தல் மட்டும் நீண்டபடி, பெற்றிசியாவின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.